கவிழ்த்துப் போட்ட உபயக் கல்

மேனாம்பேடு,
3-7-1994.

தலைமையாசிரியை திருமதி ஹில்டா அவர்களுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இனி முடியாது.

உங்கள் பள்ளி என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது இந்த ஆள் ஏன் தபாலில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். ஆவடிப் பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்ட அன்றே, இனி உங்கள் அறைக்குள் கால் வைப்பதில்லை என்று என் மனைவி தெரசாவிடம் சொல்லிவிட்டேன். காலையில் மகளைக் கொண்டுவந்து விடுவதோடு சரி. சொன்னால் சொன்னதுதான்.

நீங்கள் அந்தப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தபோது உங்களுக்குப் பாடக்குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்தவன் நான். "பிரகாசம் சார், இது சரியான்னு பாருங்க" என்று நோட்டை நீட்டிக்கொண்டு நின்றது உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. அந்த நாற்காலி காலியானபோது பணிமூப்பில் முதலில் இருந்தவனும் நான்தான். மேனேஜர் ஃபாதர் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். என்னிடம், "உங்களுக்கு வீட்டுக் கவலையே நிறைய இருக்கிறதே" என்றார். என் மகள் காலை இழுத்து நடப்பதைத்தான் அவர் வீட்டுக் கவலை என்றார்.

ஆனால் நான் எழுத வந்தது நாற்காலியைப் பற்றி அல்ல. கல்லைப் பற்றி.

ரோஸிக்கு இளம்பிள்ளை வாதம் வந்து இடது காலில் இரும்புக் காலிப்பர் போட்டிருப்பது ஊருக்கே தெரியும். அவள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்து முன்படிகள் அவளுக்குப் பெரிய தடையாக இருந்தன. நான்தான் வீடு வீடாக அலைந்து, பின்பக்கம் சைக்கிள் ஷெட்டை ஒட்டி ஒரு சரிவுப் பாதை கட்டவைத்தேன். அதன் தலைமாட்டில் பளிங்குபோல் மெருகேற்றிய ஒரு கருங்கல். "செல்வி ரோஸியின் வசதிக்காக. உபயம்: பா. பிரகாசம், எம்.ஏ., குடும்பத்தார்." நம் கோவிலில் மின்விசிறியின் இறக்கையில்கூட உபயம் எழுதியிருக்கிறது. நான் எழுதியதில் என்ன தவறு?

இந்தக் கோடை விடுமுறையில் நீங்கள் முன்படிகளை இடித்துவிட்டு வாசல் முழுவதும் ஒரே சரிவாகக் கட்டியிருக்கிறீர்கள். நான் கட்டியதைப் பெயர்த்து அந்தச் செங்கல்லையே போட்டிருக்கிறீர்கள். என் கல் எங்கே என்று வாட்ச்மேன் உத்தமனைக் கேட்டேன். "கல்லா? அது எங்க சார் போவும், மேல வராண்டா வாசல்ல கீது. கவுத்துப் போட்டுட்டாங்க" என்றான். சிரித்தான்.

பள்ளி திறந்த அன்று மகளைத் தூக்குவதற்காகச் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கையை நீட்டினேன். அவள் ஏற்கெனவே இறங்கி, கட்டையை ஊன்றி, கூட்டத்தோடு பாதி தூரம் ஏறிவிட்டாள். அங்கிருந்து திரும்பி, "பையைக் குடுத்துட்டுப் போங்கப்பா, லேட்டாவுது" என்றாள். கையில் பையோடு நான் நின்றதை எத்தனை பேர் பார்த்தார்கள் தெரியுமா?

கல்லை எழுத்து தெரியும்படி நிறுத்தி வைக்க வேண்டும். யாரைக் கேட்டுக் கவிழ்த்தீர்கள் என்று எழுத்துமூலம் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
பா. பிரகாசம், எம்.ஏ., பி.எட்.

~

அம்பத்தூர்,
9-7-1994.

அன்புள்ள பிரகாசம் சார்,

வணக்கம். உறையைப் பிரித்ததும் கல்வி அலுவலகத்திலிருந்து யாரோ விளக்கம் கேட்கிறார்கள் என்று பயந்துவிட்டேன். பிறகு உங்கள் 'ழ'வின் நீண்ட வாலைப் பார்த்தேன். என் பாடக்குறிப்பு நோட்டில் சிவப்பு மையில் எத்தனை முறை பார்த்த வால் அது. எனக்கும் எதுவும் மறக்கவில்லை சார்.

கல்லைக் கேட்காமல் எடுத்தது என் தவறு. கேட்டாலும் நீங்கள் பதில் சொல்ல மாட்டீர்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டது அதைவிடப் பெரிய தவறு. இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.

கவிழ்த்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். சரிவு முடிந்து வராண்டா தொடங்கும் இடத்தில் கொத்தனார் முதலில் அதை எழுத்து மேலே தெரியும்படிதான் பதித்தார். அன்று மாலையே ஒரு குடம் தண்ணீர் ஊற்றி நானே செருப்போடு நடந்து பார்த்தேன். நல்ல வேளை, பக்கத்தில் தூண் இருந்தது. உங்கள் கல் அவ்வளவு மெருகு. அதன் அடிப்பக்கம் சொரசொரப்பாக இருந்ததால் திருப்பிப் போடச் சொன்னேன். உங்கள் பெயர்மேல் ஊரே நடப்பதாக உங்களுக்குத் தோன்றலாம். அந்தப் பக்கம் மேலே இருந்திருந்தால் முதல் மழைக்கு விழுந்திருப்பவள் ரோஸிதான்.

உங்கள் பின்பக்கச் சரிவை ஏன் எடுத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அதன் முடிவில் ஒரு கதவு. கதவில் பூட்டு. சாவி உத்தமனிடம். உத்தமன் டீ குடிக்கப் போயிருந்தால் ரோஸி கழிப்பறை வாடையில் சைக்கிள்களுக்கு நடுவே நிற்பாள். முன்னால் ஜெபம் நடக்கும், அவள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். மற்ற நாட்களில் நீங்கள் அவளை முன்படியில் தூக்கிவருவீர்கள். மாற்றுச் சாவி ஒன்று உங்கள் சாவிக்கொத்திலேயே இருந்தது என்று உத்தமன் சொல்கிறார். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

போன வருடம் பூந்தமல்லியில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஓர் அம்மா வந்து பேசினார். "நம்ம ஊர்ல கட்டடம் எல்லாம் ஒரே ஒரு ஆளுக்காகக் கட்டறோம். அவருக்கு வயசாகாது, வயிற்றுல பிள்ளை இருக்காது, கையில மூட்டை இருக்காது, காய்ச்சல் வராது. அப்படி ஒரு ஆளை நான் இன்னும் பார்க்கல" என்றார். மற்றவர்களுக்கெல்லாம் பிறகு பக்கத்தில் ஒரு சின்னக் கதவு திறந்து, அதற்கு நன்றியும் எதிர்பார்க்கிறோம் என்றார். முதலிலேயே எல்லாரையும் மனதில் வைத்துக் கட்டிவிட்டால் யாருக்கும் தனிவழி தேவைப்படாது. அதற்கு ஒரு பெயர்கூடச் சொன்னார், எனக்கு மறந்துவிட்டது. விஷயம் மறக்கவில்லை.

பாடத்துக்கும் அதுதான் என்று அவர் சொன்னதைத்தான் வகுப்பில் செய்து பார்க்கிறேன். பத்தாம் வகுப்பில் லோகநாயகி என்று ஒரு பெண். பருத்திப்பட்டுப் பக்கம் நிலம் வைத்திருக்கும் குடும்பம். மந்தம் என்றே எல்லாரும் எழுதி வைத்திருந்தோம், நான் உட்பட. அவளுக்குக் கரும்பலகையே தெரியவில்லை என்பது இந்த ஜூனில்தான் தெரிந்தது. அவளுக்காகப் பலகையில் எழுதுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். தேசப்படத்தில் ஆறுகளின்மேல் நூல் ஒட்டினேன். "டீச்சர், பாலாறு இங்க வளைஞ்சிக்கினு போவுது" என்று விரலை வைத்துச் சொன்னாள். மறுநாள் பார்த்தால், நல்ல கண் உள்ள பிள்ளைகளெல்லாம் வரிசையில் நின்று ஆற்றைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்திக்காகச் செய்தது, வகுப்பு முழுவதற்கும் தேவைப்பட்டிருக்கிறது, கேட்கத்தான் தெரியவில்லை.

ரோஸியை வகுப்புத் தலைவி ஆக்கியதில் உங்களுக்கு வருத்தமில்லை என்று நம்புகிறேன். வருகைப் பதிவேட்டை அவள்தான் என் அறைக்குக் கொண்டுவருகிறாள். இத்தனை வருடமாக அவளை ஒரு சாக்பீஸ் எடுத்துவரக்கூட நாம் யாரும் அனுப்பியதில்லை சார்.

அன்புடன்,
ஹில்டா

~

மேனாம்பேடு,
17-7-1994.

தலைமையாசிரியை அவர்களுக்கு,

என் மகள் வகுப்புத் தலைவி ஆன செய்தியை உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கேட்டால், "சொன்னேனேப்பா, நீங்க பேப்பர் பாத்துட்டிருந்தீங்க" என்கிறாள். தெரசாவுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தபாலில் வருகிறது.

சாவி விஷயத்தை உத்தமன் வாயால் பேச வேண்டாம்.

என் வீட்டில் இப்போது நாள் முழுவதும் "டீச்சர் சொன்னாங்க"தான். கல்லூரியில் எனக்குப் பரிசாகக் கிடைத்த அட்லஸ் ஒன்று இருக்கிறது. யாரையும் தொட விட்டதில்லை. தெரசாவின் தையல் நூலை எடுத்து அதில் காவிரியையும் கிருஷ்ணாவையும் ஒட்டி வைத்திருக்கிறாள். கோபித்தால், "கண்ண மூடிக்கிட்டு தொட்டுப் பாருங்கப்பா" என்று என் கையைப் பிடித்து இழுக்கிறாள்.

போன வாரம் வட்டத்தின் தொடுகோடு தேற்றத்தைச் சொல்லிக்கொடுத்தேன். புரியவில்லை என்றாள். மறுபடி சொன்னேன். "அதையே சத்தமா சொல்றீங்கப்பா. டீச்சர்னா வேற மாதிரி சொல்வாங்க" என்றாள். அந்தத் தேற்றத்தை நான் ஒரே மாதிரிதான் சொல்லிவருகிறேன். அதைக் கேட்டவர்களில் இன்ஜினியர் ஆனவர்கள் இருக்கிறார்கள். வேறு மாதிரி என்றால் என்ன? வட்டத்துக்கும் நூல் ஒட்ட வேண்டுமா? (ஒட்டினாள். தட்டின் விளிம்பில் ஸ்கேலை வைத்துக்கொண்டு தானே புரிந்துகொண்டுவிட்டாள். அது தற்செயல்.)

உங்கள் தத்துவத்தை நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். எல்லாருக்கும் பொது என்கிறீர்கள். என் மகள் எல்லாரையும் போல இல்லை. கடவுள் அவளை அப்படிப் படைக்கவில்லை. அவளுக்கென்று தனியாக ஒன்று செய்தால் அது அன்பு. ஊருக்கே செய்துவிட்டு இந்தா உனக்கும் என்றால் அதில் அவளுக்கு என்ன இடம்? நாலு பேரில் ஒருத்தி. அவளுக்காக அலைந்தவனுக்கு என்ன இடம்? அதுவும் இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளில் ஏறும்போது ஜெபத்துக்கு நின்ற பிள்ளைகள் வழிவிட்டு ஒதுங்குவார்கள். ஃபாதர் பார்ப்பார். பெற்றோர் பார்ப்பார்கள். அந்தக் காட்சியைப் பார்த்து அழுத தாய்மார்கள் உண்டு. உங்கள் சிமெண்டைப் பார்த்து யார் அழுவார்கள்?

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ரோஸியின் டி.சி.யைத் தயார் செய்யுங்கள். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போவதற்குள் அவளை என்னோடு ஆவடிப் பள்ளியில் சேர்த்துவிடுகிறேன். அங்கே பத்தாம் வகுப்பு மாடியில்தான். அதனால் என்ன, தூக்கிக்கொண்டு போக நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
பா. பிரகாசம், எம்.ஏ., பி.எட்.

~

அம்பத்தூர்,
16-8-1994.

அன்புள்ள பிரகாசம் சார்,

தாமதத்துக்கு மன்னிக்கவும். உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

டி.சி. எழுதிவிட்டேன். ஓர் இடம் மட்டும் நிரப்பவில்லை. 'பள்ளியை விட்டு நீங்கும் காரணம்' என்று ஒரு வரி இருக்கிறதல்லவா, அங்கே என்ன எழுத என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ரோஸியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்பாகிட்ட நானே பேசறேன் டீச்சர்" என்றாள். பேசினாளா என்று எனக்குத் தெரியாது.

இப்போது வேறு ஒரு விஷயம். கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

நேற்றுச் சுதந்திர தினக் கொடியேற்றத்துக்குப் பிறகு நம் கமிட்டியைச் சேர்ந்த காண்டிராக்டர் கிறிஸ்துராஜ் எல்லார் முன்னாலும் ஆரம்பித்துவிட்டார். "படி இல்லாத ஸ்கூலு இன்னா ஸ்கூலு டீச்சர்? சீஃப் கெஸ்ட்ட ரைஸ்மில்லுல மூட்டை ஏத்தற மாதிரி ஏத்தறீங்க. வருசா வருசம் எங்க நின்னு குரூப் போட்டோ எடுப்பீங்க?" மற்றவர்கள் சிரித்தார்கள். ஃபாதரும் சிரித்தார். ஒரு பெண்ணுக்காக வாசலையே மாற்றியாகிவிட்டது, அதுவும் மார்ச்சில் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விடும், முன்னால் பழையபடி படி கட்டிவிட்டு, வேண்டுமானால் பின்பக்கம் ஒரு சரிவு போட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு முடிந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் கமிட்டி கூடுகிறது. அன்று தீர்மானம் போட்டுவிடுவார்கள்.

நான் சொன்னால், தலைமையாசிரியை தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்கிறாள் என்பார்கள். நீங்கள் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் மரியாதை இருக்கும். அந்தப் பெண்ணின் தகப்பனார், மூத்த ஆசிரியர். ஒரு கையெழுத்து போதும் சார்.

அன்புடன்,
ஹில்டா

~

மேனாம்பேடு,
19-8-1994.

தலைமையாசிரியை அவர்களுக்கு,

என் பெயரைக் கவிழ்த்துப் போட்டவர் என் கையெழுத்தைக் கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெரசாதான் சிரித்தாள், என்னைப் பார்த்து.

கையெழுத்துப் போட மாட்டேன். கிறிஸ்துராஜ் படித்தவர் அல்ல, ஆனாலும் பின்பக்கம் சரிவு போதும் என்று அவர் சொல்வதைத்தான் நான் முதலிலேயே செய்து காட்டினேன். அன்று நான் செய்தது சரி என்று கமிட்டியே ஒப்புக்கொள்ளும்போது நான் ஏன் குறுக்கே விழ வேண்டும்?

அடுத்த வெள்ளிக்கிழமை தற்செயல் விடுப்பு எடுத்திருக்கிறேன். காலையில் எதிர் டீக்கடையில் இருப்பேன். டி.சி.யை உத்தமனிடம் கொடுத்தனுப்புங்கள். காரணம்: 'தகப்பனார் விருப்பம்' என்று எழுதினால் போதும்.

பா. பிரகாசம், எம்.ஏ., பி.எட்.

~

அம்பத்தூர்,
26-8-1994.

அன்புள்ள சார்,

உத்தமனிடம் டி.சி.யைக் கொடுத்தனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அதோடே திரும்பி வந்துவிட்டார். "சார் கடையாண்ட குந்திக்கினு நம்ம வாசலையே பாத்துக்கினு கீறாரு. ரெண்டு தபா கூப்ட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல" என்றார். மழை விட்டதும் நானே வெளியே வந்து பார்த்தேன். பெஞ்சு காலியாக இருந்தது.

டி.சி. என் மேசைமேல் இருக்கிறது. நீங்கள் சொன்ன காரணத்தை இன்னும் எழுதவில்லை. வியாழக்கிழமை கமிட்டி.

ஹில்டா

~

மேனாம்பேடு,
28-8-1994.

டீச்சர்,

உங்களுக்கு நன்றி சொல்ல இதை எழுதவில்லை. அந்த நாற்காலி என்னுடையது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை எழுத முடியும்.

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நான் டீக்கடைக்கு வந்தபோதே தூறிக்கொண்டிருந்தது. முதலில் சத்துணவு சமைக்கும் வேம்புலியம்மாள் வந்தார். அரிசி மூட்டையை ஒரு தள்ளுவண்டியில் வைத்துத் தானே தள்ளிக்கொண்டு உங்கள் சரிவில் ஏறிவிட்டார். நான் அங்கே வேலை பார்த்தபோது அந்த மூட்டைக்காகப் படியடியில் நின்று, யார் வருவார்கள் என்று முகம் முகமாகப் பார்ப்பார். நான் ஒருநாளும் கை கொடுத்ததில்லை, மகளைத் தூக்க வேண்டியிருந்ததால். பிறகு நிறைமாதமாக இருக்கும் அந்தத் தையல் டீச்சர், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தபால்காரர்.

பிறகு கிறிஸ்துராஜ். முழங்காலில் கட்டு. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, காலை நீட்டியபடி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சரிவில் நன்றாகவே ஏறினார். அதை இடிக்கும் வேலைக்கு அளவெடுக்கத்தான் வந்திருக்கிறார். கையில் டேப் இருந்தது. தான் எதன்மேல் நடக்கிறோம் என்று ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

மணி அடிக்கும் நேரத்துக்கு மழை வலுத்தது. பிள்ளைகள் குடைகளோடு மொத்தமாக வந்தார்கள். மழையில் சரிவில் ஏறும்போது யாரும் ஓடுவதில்லை, எல்லாரும் நிதானமாகத்தான் காலை வைக்கிறார்கள். அன்று மழை என்று தெரசா ரோஸியை லோகநாயகியோடு ரிக்ஷாவில் அனுப்பியிருந்தாள். அந்தக் கூட்டத்தில் என் மகள் எவள் என்று எனக்குத் தெரியவில்லை.

டீச்சர், எந்தக் கூட்டத்திலும் அவளை நான் கண்டுபிடித்துவிடுவேன். நம் கோவில் திருவிழாக் கூட்டத்தில்கூடக் கண்டுபிடித்திருக்கிறேன். அந்த நடையை வைத்து. அன்று குடைகள் எல்லாம் ஒரே மாதிரி அசைந்து உள்ளே போய்விட்டன. உத்தமன் வந்து டி.சி.யை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறான். "இன்னா சார் தேடிக்கினு கீற? உம் பொண்ணு அப்பவே உள்ள பூட்ச்சி" என்றான். அவனை நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் என் முகத்தை அவன் பார்த்திருப்பான்.

எனக்கு உங்கள்மேல் பொறாமை என்று தெரசா சொல்வாள். அது பழைய கதை. அன்று எனக்கு அந்தச் செங்கல்மேலும் சிமெண்டின்மேலும் பொறாமை வந்தது. நான் மூச்சிரைக்கச் செய்த வேலையை அது படுத்துக்கொண்டே செய்கிறது. ஊருக்கே செய்கிறது. யாரும் அதைப் பார்ப்பதுகூட இல்லை.

அன்று மாலை ரோஸி என்னிடம் பேசினாள். கோபமாகப் பேசினால் பதில் சொல்லலாம் என்று தயாராக இருந்தேன். அவள் காலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டே, ஏதோ நாளைய வீட்டுப்பாடம் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஆவடிக்கு வர மாட்டேன்னு சொல்லலப்பா. வருவேன். ஆனா அங்க தண்ணி குடிக்க மாட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"பாத்ரூம் கீழ இருக்குமில்ல. அதுக்கு உங்களக் கூப்பிட முடியுமா? இங்கயும் அப்படித்தான் இருந்தேன். பின்கதவு பூட்டியிருக்கும், முன்னாடி படி. காலையில ஊட்ல குடிச்சா குடிச்சது, சாயந்திரம்தான். இந்த ஜூன்லருந்துதான் ஸ்கூல்ல தண்ணி குடிக்கறேன்."

தெரசா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் தெரியாது என்று முகத்தில் தெரிந்தது. ரோஸி காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க தூக்கிட்டுப் போறப்ப எல்லாரும் நம்மளையே பாப்பாங்கப்பா. இப்ப யாரும் பாக்கறதில்ல. அதான் நல்லாருக்கு."

அவள் அதை என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே நல்லாருக்கு என்றுதான் சொன்னாள்.

டி.சி.யைக் கிழித்துவிடுங்கள். காரணம் என்ற இடத்தில் எதுவும் எழுத வேண்டாம்.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை என்பதால் போய் அந்தக் கல்லைப் பார்த்தேன். உங்கள் அறைக்குள் வரவில்லை, வராண்டா வரைதான், சொன்னால் சொன்னதுதான். ஈரமாக இருந்தது. செருப்போடும் நின்று பார்த்தேன், செருப்பைக் கழற்றியும் நின்று பார்த்தேன். வழுக்கவில்லை. அது அப்படியே கிடக்கட்டும். நிமிர்த்திவைத்து என் மனதைக் குளிர வைக்கலாம் என்று உங்களுக்கு ஏதாவது எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இனி கமிட்டி விஷயம். ஒரு மனு எழுதியிருக்கிறேன். ஃபாதர் பெயருக்கு நேராகவே அனுப்புகிறேன். உங்கள் வழியாக வேண்டாம். அதில் உள்ளது இவ்வளவுதான்:

"முன்வாசல் சரிவை இடிக்கும் முன் ஒரு மழைநாள் காலையில் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து பார்க்கவும். மூட்டை தள்ளும் அம்மாளையும், பிள்ளைத்தாய்ச்சி டீச்சரையும், முழங்கால் வலியோடு அளவெடுக்க வந்தவரையும் பார்க்கவும். நிற்க, ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்கிறாளா இல்லையா என்பது வாசலை வைத்து முடிவாகிறது என்பதையும் யோசிக்கவும். இது ஒருத்திக்காகக் கட்டிய வழி என்றால் மார்ச்சில் இடிக்கலாம். அப்படி இல்லை. குரூப் போட்டோவுக்குச் சரிவிலேயே நிற்கலாம். பின்னால் நிற்பவர்கள் தானாகவே உயரமாகத் தெரிவார்கள்."

கடைசி வரி என்னுடைய கண்டுபிடிப்பு. உங்களுக்குத் தோன்றியிருக்காது.

மனுவின் அடியில் பெயர், பட்டம் எல்லாம் எழுத இடம் விட்டுத்தான் வைத்திருந்தேன். பேனாவை எடுத்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 'ரோஸியின் தகப்பனார்' என்று எழுதினால், ஒரு பெண்ணுக்காக ஒரு அப்பன் கெஞ்சுகிறான் என்று கோப்பில் வைத்துக் கட்டிவிடுவார்கள். அவள் பரீட்சை முடிந்த மறுநாள் கடப்பாறையோடு ஆள் வருவான். பெயர் இல்லையென்றால் அதை வேம்புலியம்மாள் யாரையாவது வைத்து எழுதியிருக்கலாம். லோகநாயகி வீட்டார் எழுதியிருக்கலாம். கிறிஸ்துராஜின் சம்சாரம்கூட எழுதியிருக்கலாம். தவிர, நம் கமிட்டியை எனக்குத் தெரியும். பெயர் போட்ட மனுவை யாரும் படிப்பதில்லை. மொட்டைக் கடிதம் என்றால், எழுதியவன் யார் என்று கண்டுபிடிப்பதற்காகவாவது எல்லாரும் சேர்ந்து இரண்டு தடவை சத்தமாகப் படிப்பார்கள்.

என் 'ழ'வின் வாலை எல்லா இடத்திலும் குட்டையாக வெட்டித்தான் எழுதியிருக்கிறேன். அப்படியும் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். கமிட்டியில் யாராவது உங்களைக் கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள்; ஜெபமாலையைத் தொட்டுச் சொல்லும்படி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாழ்நாள் முழுவதும் எதையும் பெயர் போடாமல் நான் கொடுத்ததில்லை. கை உறுத்துகிறது. ஆனாலும் ஸ்டேஷன் பக்கத்துத் தபால்பெட்டியைத் திறக்க ஆள் வருவதற்குள் கிளம்ப வேண்டும். மனுவின் அடியில் விட்ட இடம் வெறுமையாகவே இருக்கட்டும். கையெழுத்துப் போடாமல்தான் பெட்டியில் போடப்போகிறேன். இந்தக் கடிதத்தையும் அப்படியே.